சுவரோவியத்தின் பாயிரம்

ஓர் ஓவியத்தை ஆராயப் புகுவோர், அதனைத் தீட்டியவர் யார், அவர் கையாண்ட கோடும் வண்ணமும் எத்தகையன, அவர் உள்ளக் கருத்து யாது என்று வினவுவது வழக்கம். அரண்மனை மாடத்திலோ, கோயில் விதானத்திலோ, செல்வர் இல்லத்திலோ அமைந்த ஓவியத்திற்கு இவ்வினாக்கள் ஒருவாறு பொருந்தும். ஆயின், ஒரு தெருவில் வாழ்வோர் ஒன்றுகூடித் தம் சுவரில் தம் வரலாற்றைத் தாமே தீட்டிக்கொள்ளும்போது இவை போதா. ஆங்குத் தீட்டியவர் ஒருவரல்லர்; கருத்தும் ஒருவர் உள்ளத்தில் முளைத்ததன்று. காண்போரும் விலை கொடுத்துக் காட்சிக் கூடத்தினுள் நுழைந்தோரல்லர். நாள்தோறும் அவ்வழியே நடப்போர். எனவே, இத்தகைய ஓவியத்தை அளக்க வேறோர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தமிழ் நூன்மரபினின்றே பெறக்கூடும் என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்கின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் கூட்டுச் சுவரோவியங்கள் பல தோன்றின. நிறத்தாலும் இனத்தாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்டோர் வாழும் பகுதிகளிலேயே அவை மிகுதியும் எழுந்தன. சமூக நீதிக்குத் துணைநிற்கும் கலை என அவற்றை அறிஞர் போற்றினர். அவ்வாறு போற்றுவோர் காட்டும் காரணத்தைக் கூர்ந்து நோக்கின், அது பெரும்பாலும் பாடுபொருள் பற்றியதாகவே உள்ளது. ஒடுக்கப்பட்டோரின் துயரும் வீரமும் சுவரில் உள்ளன. ஆதலின் அச்சுவர் நீதிக்குரியது என்பர். இக்கூற்று முழுமையுடையதன்று என்பது எம் துணிபு. சுவரில் நீதியை எழுதுதல் வேறு. சுவரை நீதியாக எழுதுதல் வேறு. முன்னையது பொருள் பற்றியது. பின்னையது முறை பற்றியது. முறை பிழைத்தவழிப் பொருள் எத்துணை உயர்ந்ததாயினும் அச்சுவர் மக்களுடையதாகாது.

1. பாயிரம் அளவுகோலாதல்

நம் முன்னோர் நூலைத் தொடங்குமுன் பாயிரம் வேண்டும் என்றனர். சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவற்றை நன்னூலார் தொகுத்துரைத்துள்ளார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். இப்பதினொன்றனுள் பொருளைப் பற்றியது ஒன்றே என்பது கருதத்தக்கது. எஞ்சிய பத்தும், நூல் யாரால், எவ்வழி வந்து, எங்கு வழங்க, யார் கேட்ப, எந்த அவையில், எதன் பொருட்டு எழுந்தது என்பன போன்ற செய்திகளைக் கூறுவன. நூலைச் சூழ்ந்த சமூக உறவுகளையும் நூலின் பகுதியாகவே நம் முன்னோர் எண்ணினர் என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே செய்துகொள்ளுதல் மரபன்று. அவர்தம் ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, உரை கண்டவரோ செய்தல் வேண்டும். ஒரு படைப்பின் சிறப்பைச் சொல்லும் உரிமை அதனைப் படைத்தவர்க்கில்லை, அதனை அறிந்த பிறர்க்கே உண்டு என்பது இதன் கருத்து. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையையும், ஆங்கு நூலைக் கேட்ட அதங்கோட்டாசானையும் சுட்டுகின்றது. அவை என்பது கைதட்டும் கூட்டமன்று; வினவும் கூட்டம். வினவப்பட்டுக் குற்றம் களைந்த பின்னரே நூல் உலகிற்கு உரியதாயிற்று.

ஓவியத்தைச் சூழ்ந்து மக்கள் கூடிப் பேசும் காட்சியும் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பரிபாடல், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோரைக் காட்டுகின்றது. இவள் யார், இவன் யார் எனச் சிலர் வினவ, இரதி என்றும் காமன் என்றும் அறிந்தோர் விடை கூறுகின்றனர். அகலிகையின் வரலாறும், இந்திரன் பூனை வடிவு கொண்டமையும் அங்கு ஓவியமாயிருந்தன. அப்பாடல் தீட்டியவர் பெயரைக் கூறவில்லை. காண்போர் உரையாடலையே நமக்குத் தந்துள்ளது. ஆயினும், அங்கு மக்கள் வினவவும் விடைகூறவும் உரியரேயன்றி, எதனைத் தீட்டுவது என்று முடிவு செய்தவராகத் தோன்றவில்லை. கேட்போர் ஆக்கியோராக மாறும்போது நிகழ்வது யாது? இவ்வினாவிற்கு விடை காண நாம் சிக்காகோ நகரின் ஒரு தெருமுனைக்குச் செல்ல வேண்டும்.

2. மதிப்புச் சுவர்

1967-ஆம் ஆண்டுக் கோடை அமெரிக்க நகரங்களில் கொந்தளிப்பு மிகுந்திருந்த காலம். நூவர்க்கிலும் டெட்ராயிட்டிலும் அவ்வாண்டு சூலைத் திங்களில் பெருங்கலவரங்கள் நிகழ்ந்தன. அதே கோடையில் சிக்காகோவின் தென்பகுதியில், நாற்பத்து மூன்றாம் தெருவும் லாங்லி நிழற்சாலையும் கூடும் முனையில், பழுதுற்ற ஈரடுக்குக் கட்டடம் ஒன்றன் புறச்சுவரில் ஓவியர் சிலர் வண்ணம் தீட்டத் தொடங்கினர். கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. நகரச் சீரமைப்பின் பெயரால் இடிக்கப்படுவதற்குக் குறிக்கப்பட்ட பகுதியுமாம். தீட்டியோர், அவ்வாண்டில் தோன்றிய கறுப்பின அமெரிக்கப் பண்பாட்டு அமைப்பின் ஓவியப் பட்டறையைச் சேர்ந்தோர். அவ்வமைப்பில் எழுத்தாளர் பட்டறையும் ஒன்று இருந்தது என்பதை இலக்கியம் பயில்வோர் நினைவிற்கொள்க.

தெருக்களில் சுவரோவியம் தீட்டும் எண்ணத்தை முன்வைத்தவர் வில்லியம் வாக்கர். ஜெஃப் டொனால்ட்சன், வாட்ஸ்வர்த் ஜாரல், பார்பரா ஜோன்ஸ், நார்மன் பாரிஷ், எட்வர்ட் கிறிஸ்மஸ், மைர்னா வீவர் முதலானோர் உடன் உழைத்தனர். சுவரைப் பகுதிகளாகப் பகுத்து, வாயிலும் சாளரமும் செங்கல்லும் ஓவியத்தோடு இயையுமாறு வடிவமைத்தவர் சில்வியா அபர்னத்தி. இசை, நாடகம், அரசியல், சமயம், இலக்கியம், விளையாட்டு எனத் துறைவாரியாகக் கறுப்பினப் பெருமக்கள் சுவரில் இடம்பெற்றனர். ஓவியங்களோடு ஒளிப்படங்களும் பதிக்கப்பட்டன. 'மதிப்புச் சுவர்' என்பது அதற்கு இட்ட பெயர்.

பாயிர உறுப்புக்களை இச்சுவரோடு பொருத்திக் காண்போம். ஆக்கியோன் பெயரைப் பொறுத்தவரை, தனித்தனியே கையொப்பமிடுவதில்லை என ஓவியர் தம்முள் உடன்பட்டனர். பெயர் வேட்கை மிகுந்த ஓவிய உலகில் இது சிறிய துறவன்று. காரணத்தைப் பொறுத்தவரை, அரசின் நல்கையோ நிறுவனத்தின் ஆணையோ இல்லை. செலவைத் தாமே பெரும்பாலும் ஏற்றனர். யாரைச் சுவரில் ஏற்றுவது என்பதற்கு அவர்கள் ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டனர். கறுப்பின வாழ்வின் அழகை உண்மையாகக் காட்டுபவராதல் வேண்டும். தம்மினும் தாழ்ந்த நிலையிலுள்ள தம் மக்களை மறவாதவராதல் வேண்டும். தம் துறையில் பிறர் ஈடு செய்யவியலாச் சிறப்புடையராதல் வேண்டும். இவற்றுள் இரண்டாவதே எம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது. புகழ் ஒன்றே தகுதியாகக் கொள்ளப்படவில்லை. புகழ் பெற்றபின் மறவாமையே தகுதியாகக் கொள்ளப்பட்டது.

கேட்போர் என்னும் உறுப்பே இங்குத் தலையாயது. சாரத்தின்மேல் ஓவியர் நின்று தீட்ட, கீழே தெருவினர் கூடி நின்று கருத்துரைத்தனர். இசைவாணர் வந்து இசைத்தனர். கவிஞர் வந்து பாடினர். பரங்குன்றத்தில் முடிந்த ஓவியத்தின்முன் எழுந்த வினா, லாங்லி முனையில் முடியாத ஓவியத்தின்முன் எழுந்தது. இது சிறு வேறுபாடு போலத் தோன்றும். ஆயின் பெரு வேறுபாடு. முடிந்த ஓவியத்தை வினவுவோன் பொருள் அறிய வினவுகின்றான். முடியாத ஓவியத்தை வினவுவோன் பொருளை மாற்ற வினவுகின்றான்.

3. ஒரே திங்களில் இரண்டு திறப்புக்கள்

இச்சுவரின் இயல்பை விளக்க, வரலாறே ஓர் ஒப்புமையை நமக்கு அமைத்துத் தந்துள்ளது. 1967 ஆகஸ்டு 15-ஆம் நாள், சிக்காகோ நகரின் நடுவண் சதுக்கத்தில் பிக்காசோ வடிவமைத்த பெருஞ்சிற்பம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. ஐம்பதடி உயரம், முழுதும் எஃகு. நகரத் தலைவர் ரிச்சர்டு டேலி விழாவை நடத்தினார். பிக்காசோ ஊதியம் பெறாது அவ்வடிவத்தை நகர மக்கட்கு நன்கொடையாக அளித்தார் என்பது உண்மை. ஆயினும் அவர் அந்நகரைக் கண்டவரல்லர். அமெரிக்க மண்ணில் ஒருநாளும் அடி வைத்தவருமல்லர். அவ்விழாவிற்குப் பன்னிரு நாள் கழித்து, ஆகஸ்டு 27-ஆம் நாள், மதிப்புச் சுவர் மக்கள்முன் அரங்கேறியது.

இவ்விரு நிகழ்ச்சிகட்கும் கவிதை செய்தவர் ஒருவரே. அவர் குவெண்டலின் புரூக்ஸ். 1950-இல் புலிட்சர் பரிசு பெற்று, அப்பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர் என்னும் சிறப்புற்றவர். சிக்காகோவின் தென்பகுதியிலேயே வாழ்ந்தவர். அவர் செய்த இரு கவிதைகளும் 1968-இல் வெளிவந்த அவர்தம் 'மெக்காவில்' என்னும் தொகுதியில் 'இரு படையல்கள்' என்ற தலைப்பின்கீழ் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அருகருகே வைத்த அம்முறையே ஒரு திறனாய்வு எனலாம். சிற்பத்தைப் பற்றிய கவிதை குறுகியது. கலையின்முன் நிற்கும் மனிதனின் கூச்சத்தையும் இடர்ப்பாட்டையும் அது பேசுகின்றது. சுவரைப் பற்றிய கவிதையிலோ கூட்டம் இருக்கின்றது; முழக்கம் இருக்கின்றது; தாம் கூட்டத்தின் நடுவே சென்று மேடையேறும் நிகழ்ச்சியும் இருக்கின்றது. முன்னதில் கலை தொலைவிலுள்ளது, மனிதன் அதனை அணுக வேண்டியவனாயுள்ளான். பின்னதில் கலையும் மனிதரும் ஒரே தெருவில் உள்ளனர்.

தமிழ் மரபின்வழி நோக்கின், புரூக்ஸின் கவிதை மதிப்புச் சுவருக்குப் பிறர் செய்த சிறப்புப்பாயிரமாகும். ஆயின் ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. சுவரின் இலக்கியப் பகுதியில் புரூக்ஸின் உருவமும் தீட்டப்பட்டிருந்தது. பாயிரம் செய்தவரே நுதலிய பொருளுள் ஒருவராகவும் நின்றார். ஆக்கியோர், பாடப்பட்டோர், கேட்போர், பாயிரம் செய்தோர் என்னும் நால்வரையும் பிரித்து நிறுத்தும் எல்லைகள் இச்சுவரின்முன் நெகிழ்ந்துவிட்டன. இந்நெகிழ்ச்சியே கூட்டுச் சுவரோவியத்தின் தனியிலக்கணம் என்று கருதுகின்றோம்.

4. திருத்தும் உரிமை

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு மதிப்புச் சுவரைக் குறையற்ற முன்மாதிரி எனக் கொள்ளுதல் பொருந்தாது. அதன் வரலாற்றில் கசப்பும் உண்டு. அக்கசப்பிலிருந்தே நாம் மிகுதியும் கற்கின்றோம்.

சமயப் பகுதியில் வாக்கர் முதலில் எலைஜா முகமதுவின் உருவத்தைத் தீட்டினார். அவரோடு முரணிப் பிரிந்த மால்கம் எக்ஸின் உருவமும் அச்சுவரில் இருந்தமையால் மறுப்பு எழுந்தது. எலைஜாவின் உருவம் நீக்கப்பட்டு, 1831-இல் அடிமைகளின் எழுச்சியை நடத்திய நாட் டர்னர் அவ்விடத்தைப் பெற்றார். இம்மாற்றத்தைத் தீட்டியவரே செய்தார். வினவிய அவைக்கு ஆசிரியர் விடை கூறித் திருத்திய நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

அரசியல் பகுதியின் கதை வேறு. அதனைத் தீட்டியவர் நார்மன் பாரிஷ். திறப்பு விழாவிற்குப் பின் சின்னாளில் அப்பகுதி வெள்ளையடித்து மறைக்கப்பட்டது; யூஜின் வேட் என்னும் வேறோர் ஓவியர் அதனைப் புதிதாகத் தீட்டினார். பாரிஷ் இதற்கு உடன்படவில்லை. தெருவினர் விருப்பம் அதுவே என ஒரு சாராரும், உடனுழைத்தவரின் படைப்பை அவர் இசைவின்றி அழித்தல் கூட்டுறவாகாது என மற்றொரு சாராரும் கூறினர். பட்டறை பிளவுற்றது. ஒருமித்துத் தொடங்கியோர் ஒருவரையொருவர் ஐயுறும் நிலை வந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் அழித்தல் உண்டு, மாற்றல் உண்டு. வேறுபாடு யாது? முன்னதில் திருத்தம் ஆக்கியோன் வழியாக நிகழ்ந்தது; பின்னதில் ஆக்கியோனை விலக்கிவிட்டு நிகழ்ந்தது. யாரைச் சுவரில் ஏற்றலாம் என்பதற்கு இலக்கணம் வகுத்த பட்டறை, ஏற்றியதை எவ்வாறு மாற்றலாம் என்பதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. வெளியிலிருந்து வரும் அநீதியை எதிர்த்து எழுந்த சுவர், உள்ளிருந்து எழும் பூசலைத் தீர்க்கும் முறையைத் தனக்கென அமைத்துக்கொள்ளவில்லை. நீதி என்பது பிறரிடம் கேட்கும் பொருள் மட்டுமன்று. தம்முள் நடத்திக் காட்டும் முறையுமாம் என்பதை இந்நிகழ்ச்சி வலியுறுத்துகின்றது.

1971-இல் கட்டடம் தீப்பற்றியது. பின்னர் இடித்து அகற்றப்பட்டது. சுவர் நின்ற காலம் ஐந்தாண்டினும் குறைவே. ஆயினும் அதன் வழி மறையவில்லை. 1968-இல் டெட்ராயிட்டில் 'மாண்புச் சுவர்' எழுந்தது. பிற நகரங்களிலும் சுவர்கள் தொடர்ந்தன. வழிநூல்கள் பல தோன்றியபின் முதனூல் மறைந்த வரலாறு தமிழர்க்குப் புதிதன்று.

5. பெருஞ்சுவர்

மதிப்புச் சுவர் அமைக்காது விட்ட முறையை அமைக்க முயன்ற படைப்பொன்றை இனிக் காண்போம். அது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெருஞ்சுவர். சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், துகுங்கா என்னும் ஓடையை வெள்ளத் தடுப்பின் பொருட்டுக் கற்காரையால் கட்டி வாய்க்காலாக்கினர். அக்கரைச் சுவரை அழகுபடுத்தும் திட்டத்தின் வழியாக ஓவியர் ஜூடித் பாக்காவிற்கு அழைப்பு வந்தது. மெக்சிக்கோ வழிவந்த குடும்பத்தினராகிய அவர், அழகுபடுத்துதலோடு அமையாது, கலிபோர்னியாவின் வரலாற்றை ஒதுக்கப்பட்டோர் நோக்கில் எழுதும் களமாக அச்சுவரைக் கொண்டார்.

1976, 1978, 1980, 1981, 1983 ஆகிய ஐந்து கோடைகளில் பணி நடந்தது. வாய்க்காலில் நீர் பெருகாத கோடையே அதற்கு ஏற்றது. நிறைவுற்றபோது சுவரோவியத்தின் நீளம் 2,754 அடி; உயரம் ஏறத்தாழ 13 அடி. 400-க்கும் மேற்பட்ட இளைஞர் இதில் உழைத்தனர். அவருள் பலர் குற்ற வழக்குகளில் சிக்கிச் சிறார் நீதித்துறையின் கண்காணிப்பில் இருந்தோர். ஒருவர் தெருவில் மற்றவர் நுழைய அஞ்சும் பகைமையுடைய பகுதிகளிலிருந்தும், வெவ்வேறு இனங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர். அவர்கட்கு ஊதியம் வழங்கப்பட்டது. வரலாற்றறிஞர் அவர்கட்குப் பாடம் சொல்லினர். நிகழ்ச்சிகளை நேரிற் கண்ட முதியோர் தம் நினைவுகளைக் கூறினர். கேட்டவற்றை விவாதித்து, வரைந்து, கட்டமிட்டுப் பெருக்கிச் சுவரில் ஏற்றினர்.

சுவரில் இடம்பெற்ற நிகழ்ச்சிகளை நோக்குக. 1871-இல் நகரில் சீனர் கொல்லப்பட்டமை, 1930-களில் மெக்சிக்கோ வழியினர் நாடு கடத்தப்பட்டமை, மண்மாரியால் நிலமிழந்த உழவர் மேற்கு நோக்கி வந்தமை, இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிய வழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டமை, சாவேஸ் பள்ளத்தாக்கின் குடிகள் அகற்றப்பட்டு அவ்விடத்தில் விளையாட்டரங்கம் எழுந்தமை ஆகியன அவற்றுட் சில. ஓரினத்தின் பெருமை மட்டும் இங்குப் பாடப்படவில்லை. பல இனங்களின் துயரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மெக்சிக்கோ வழி இளைஞன் சப்பானியரின் முகாமைத் தீட்ட வேண்டியவனாகின்றான். கறுப்பின இளைஞன் நாடு கடத்தப்பட்ட மெக்சிக்கோக் குடும்பத்தைத் தீட்ட வேண்டியவனாகின்றான். பிறர் துயரைத் தன் கையால் எழுதியவன் அதனை எளிதில் மறவான். இதுவே இச்சுவரின் பயன் என்னும் பாயிர உறுப்பு. பயன் காண்போரிடத்து விளைவதற்கு முன்னரே தீட்டுவோரிடத்து விளைந்துவிடுகின்றது.

6. கூட்டும் ஒருமையும்

பெருஞ்சுவரிலும் திறனாய்வாளர் மறைக்கலாகாத முரண் ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டுப் பகுதியில் ஓவியர் பலர் தத்தம் கூறுகளைத் தனித்தனியே வடிவமைத்தனர். ஆதலின் அப்பகுதி துண்டு துண்டாக நிற்கின்றது, நடை மாறுகின்றது, ஒரு காட்சி மற்றொன்றோடு ஒட்டவில்லை. 1977-இல் பாக்கா மெக்சிக்கோ சென்று, பெருஞ்சுவரோவியர் சிக்கேரோசின் பட்டறை மரபில் பயின்று வந்தார். அதன்பின் எழுந்த பகுதிகளில் ஒரு காட்சி அடுத்த காட்சியுள் அலைபோல் பாய்கின்றது. நெடுஞ்சாலைகள் பாம்பென வளைந்து குடும்பங்களைப் பிரிக்கும் பகுதியில், வடிவமே கருத்தாக அமைகின்றது. நடந்து செல்வோர் நோக்கிற்கேற்பக் காட்சி விரிகின்றது. கலை உயர்ந்தது, ஐயமில்லை. ஆயின் அவ்வுயர்ச்சி, வடிவமைப்பு ஒருவர் கையில் குவிந்தமையால் வந்தது.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? கூட்டுழைப்பு மிகுந்தவழிக் கலை தளர்கின்றது, கலை செறிந்தவழிக் கூட்டு சுருங்குகின்றது என விதி வகுத்துவிடலாமா? அவ்வாறு வகுத்தல் அவசரமாகும். பிற்பகுதிகளில் பாக்காவின் கையில் குவிந்தது வடிவமே. எந்நிகழ்ச்சி எழுதத்தக்கது, அதில் எவர் முகம் தோன்ற வேண்டும், எந்த முதியோர் சொல்லை நம்புவது என்பன அவைக்குரிய வினாக்களாகவே நின்றன. யாப்பு ஒருவருடையதாயினும் நுதலிய பொருளும் கேட்போரும் பலருடையனவாக இருக்கக்கூடும். கூட்டு என்பது எல்லோரும் எல்லாப் பணியும் செய்தலன்று. எப்பணி யாருக்குரியது என்பதை எல்லோரும் அறிந்து உடன்படுதலே கூட்டு. இவ்வுடன்பாடு வெளிப்படையாக அமைந்தமையே பெருஞ்சுவரை மதிப்புச் சுவருக்கு நேர்ந்த பிளவினின்றும் காத்தது என்பது எம் முடிபு.

பெருஞ்சுவர் இன்றும் உள்ளது. 2011-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2017-இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. 1950-களோடு நின்ற வரலாற்றை மேலும் தொடர்வதற்கு 2021-இல் 50 இலட்சம் டாலர் நல்கை கிடைத்தது. சுவர் முடிந்த நூலன்று, தொடரும் நூல் என்பதற்கு இது சான்று.

7. தடைவிடை

இவ்வாராய்ச்சிக்கு எழக்கூடிய தடைகள் இரண்டனை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது தடை: கலையின் அளவுகோல் அழகே, எவர் கூடித் தீட்டினார், எவ்வாறு முடிவு செய்தார் என்பன சமூகவியலார்க்குரிய செய்திகள், திறனாய்வாளர்க்கு உரியனவல்ல என்பர். விடை: பாயிரம் நூலின் புறத்தே கட்டிய திண்ணையன்று, நூலுள் நுழையும் வாயில். மதிப்புச் சுவரில் அரசியல் பகுதி மட்டும் ஏன் வேறு கையால் அமைந்தது என்பதை அறியாதவர் அதன் நடை வேறுபாட்டை விளக்க இயலாது. பெருஞ்சுவரின் முதற்பகுதி துண்டுபட்டு நிற்றற்குக் காரணம் ஓவியரின் ஆற்றற்குறை அன்று, பணிப்பகிர்வின் முறை என்பதை அறியாதவர் பிழையான தீர்ப்பையே வழங்குவர். இங்கு முறையே வடிவமாகின்றது. ஆதலின் முறையை ஆராய்தல் வடிவத்தை ஆராய்தலேயாம்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. சுவருக்கு வண்ணம் தீட்டுவதால் வீட்டு வாடகை குறையாது, பள்ளி உயராது, வேலை கிடைக்காது, ஏழையர் தெருவுக்கு வண்ணம் பூசி, வறுமையைக் காட்சிப் பொருளாக்குதல் எளிது, அதனைத் தீர்த்தல் அரிது, எளியதைச் செய்து அரியதை மறக்கச் செய்யும் சூழ்ச்சியே இது என்பர். இத்தடையை ஒதுக்கிவிடல் நேர்மையன்று. மதிப்புச் சுவர் எழுந்த தெருவை அச்சுவர் காக்கவில்லை. கட்டடமே நில்லாது போயிற்று. எனவே, சுவரோவியம் தானே நீதியைக் கொணரும் என்று நாம் கூறவில்லை. நாம் கூறுவது இதுவே: தம்மைப் பற்றிய முடிவுகளில் ஒருநாளும் வினவப்படாத மக்கள், ஒரு சுவரைப் பொறுத்தளவிலேனும் வினவவும் விடை பெறவும் திருத்தவும் உரியராயின், அவ்வுரிமையின் சுவையை அவர்கள் அறிவர். அறிந்தபின் பிற இடங்களிலும் அதனைக் கேட்பர். அவ்வுரிமையைத் தாராது வண்ணத்தை மட்டும் தருவது சூழ்ச்சியே என்பதில் தடை கூறுவோரோடு நாமும் உடன்படுகின்றோம். வண்ணத்திற்கும் நீதிக்கும் இடையே நிற்பது அவை ஒன்றே.

8. முடிவுரை

இவ்வாராய்ச்சி நம் நாட்டிற்கும் பயன்படுவதாகும். சென்னையில் நீர்நிலைக் கரைகளிலும் பிற இடங்களிலும் குடியிருந்தோரைப் பெயர்த்துக் கொணர்ந்து குடியமர்த்திய பகுதி கண்ணகி நகர். அந்நகரின் அடுக்குக் குடியிருப்புக்களின் சுவர்களில் 2020-ஆம் ஆண்டில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. செய்தித்தாள்கள் அவற்றின் வண்ணப் பொலிவைப் பாராட்டின. பொலிவைப் பற்றி ஈண்டு நாம் தீர்ப்புக் கூறவில்லை. அவ்வோவியங்களைப் பாயிர முறையால் ஆராய்தல் தமிழ்த் துறைகளின் கடமை என்றே கூறுகின்றோம். எந்த உருவம் எந்தச் சுவரில் எழ வேண்டும் என்று முடிவு செய்த அவை எது? அச்சுவருக்குப் பின்னே வாழ்வோர் அவ்வவையில் அமர்ந்தனரா? விட்டு வந்த கரையின் நினைவு அவ்வோவியங்களில் உண்டா? பிடிக்காத ஓவியத்தை மாற்ற விரும்புவோர் யாரிடம் சென்று சொல்ல வேண்டும்? இவ்வினாக்களோடு ஆய்வு மாணவர் அத்தெருக்களில் நடந்து, அங்கு வாழ்வோர் வாய்மொழியைத் தொகுத்தல் வேண்டும். அவ்வாறு தொகுத்தால், தமிழில் முதன்முதலாக ஒரு சுவருக்குப் பாயிரம் எழுதியவராவர்.

அரசன் அவையில் தனியளாய் நின்று வழக்குரைத்தவள் பெயரையே அந்நகர் தாங்கியுள்ளது. அவள் வேண்டியது தன் உருவத்தை எழுதிவைக்க வேண்டும் என்பதன்று. தன் சொல் கேட்கப்பட வேண்டும் என்பதே. சிலை பின்னர் வந்தது. கேள்வியே முன்னர் வந்தது. கூட்டுச் சுவரோவியத்திற்கும் இவ்வரிசையே உரியது. முதலில் அவை கூடுதல் வேண்டும். பின்னரே சுவரில் வண்ணம் ஏறுதல் வேண்டும். இவ்வரிசை பிறழாத சுவர்களையே சமூக நீதிக்குரிய கலை எனத் திறனாய்வு ஏற்கும்.